மூன்று ஆர்க்கிட்டுக்கும் ஒரே தண்ணீர்: ஒரு பால்கனி நிகழ்வு ஆய்வு

## பின்னணி

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பால்கனியில் ஏறக்குறைய ஓராண்டு நடந்ததன் பதிவு இது. செடிகளுக்குச் சொந்தக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. மகன், மருமகளோடு இருக்கிறார். ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று பல வருடமாகத் தொட்டியில் வளர்த்துக் கை பழகியவர். செடி வளர்க்கத் தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. நடந்ததில் பாதிக்கு அந்தப் பழக்கமே காரணம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அதே கட்டடத்தில் இருப்பவன், பல காலமாக ஆர்க்கிட் வளர்ப்பவன். அவர் கூப்பிட்டபோது போய்ப் பார்த்தேன், அதன் பிறகு வாரம் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்து வந்தேன்.

செடிகள் மூன்று. மூன்றும் பூத்த நிலையில் வீட்டுக்கு வந்தவை. ஒன்று வெள்ளை ஃபெலனாப்சிஸ், பரிசாக வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியில், ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியை இறுக்கி அடைத்து, அதை அப்படியே அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது ஊதா நிற டென்ட்ரோபியம், கலப்பின வகை, மண்தொட்டியில் கரித்துண்டும் உடைத்த ஓடும் போட்டு நட்டது. மூன்றாவது வாண்டா. மரச்சட்டக் கூடையில் பெயருக்கு நாலு கரித்துண்டு, மற்றபடி வேர் முழுவதும் காற்றில்தான் தொங்குகிறது.

பால்கனி கிழக்கு பார்த்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக மட்டும் காலை வெயில் நேராக விழும். உள்பக்கம் வெளிச்சம் உண்டு, நேர் வெயில் கிடையாது. வெயில் பட்டால் பூ வாடிவிடும் என்று மூன்றையும் உள்சுவரை ஒட்டி வரிசையாக வைத்திருந்தார். தினமும் காலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளை தண்ணீர். வாண்டாவுக்கும் அதே ஒரு குவளைதான், மேலிருந்து ஊற்றினால் பாதித் தண்ணீர் வேரைத் தொடாமலே தரைக்குப் போய்விடும். குழாயில் வருவது கடின நீர் என்பது ரோஜாத் தொட்டிகளின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது.

மூன்றும் ஆர்க்கிட் என்பதால் மூன்றுக்கும் ஒரே கவனிப்பு போதும் என்று நினைத்தார். இதில் அவர் தனி ஆள் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலில் வந்து இறங்கிய வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளை அங்கிருந்த தோட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகடித்தார்கள். வெப்பமண்டலம் என்றாலே புழுக்கமும் ஈரமும்தான் என்று நினைத்து, காற்றே புகாத கண்ணாடிக் கூடங்களில் எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்து வைத்ததன் பலன் அது. மலையுச்சிக் குளிரில் வளர்ந்த செடியும் கடலோரச் சூட்டில் வளர்ந்த செடியும் ஒரே கூடத்தில் வெந்தன. 1830களில் அங்கே சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் காற்றோட்டம் கொடுத்து, தனித்தனி வெப்பநிலைக் கூடங்கள் வைத்த பிறகுதான் நிலைமை மாற ஆரம்பித்தது. இருநூறு வருடம் கழித்தும் நம் பால்கனிகளில் அதே கதை சின்ன அளவில் நடக்கிறது.

## முதலில் கண்ணில் பட்டவை

இரண்டு மாதம் போல எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆளை ஏமாற்றுவதே இந்தக் காலம்தான். ஃபெலனாப்சிஸ் பூ சாதாரணமாகவே இரண்டு மூன்று மாதம் நிற்கும். அடியில் வேர் அழுக ஆரம்பித்த பிறகும், தடித்த இலையில் இருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டு செடி சில வாரம் ஒப்பேற்றிவிடும். மேலே பூ சிரித்துக்கொண்டிருக்கும்போது கீழே என்ன நடக்கிறது என்று யார் தொட்டியைத் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள்?

முதலில் அடி இலைகள் தொய்ந்தன. விரைப்பாக, வழவழவென்று இருந்த இலையில் நீளவாக்கில் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்தது, தொட்டால் பழைய தோல் பை மாதிரி துவண்டது. ரோஜா வாடினால் தண்ணீர் ஊற்றினால் நிமிரும், செம்பருத்தியும் அப்படித்தான். ஆகவே அவர் ஒரு குவளையை இரண்டாக்கினார், சாயங்காலமும் ஒரு தடவை இலை மேல் தெளித்தார். சுருக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அவர் கேட்டது இதுதான்: "தண்ணி பத்தலன்னுதானே தம்பி இலை சுருங்குது? இவ்வளவு ஊத்தியும் ஏன் நிமிர மாட்டேங்குது?"

டென்ட்ரோபியம் பார்க்கச் செழிப்பாக இருந்தது. இலை கரும்பச்சை, புதுத்தண்டு ஒன்று நன்றாக உயர்ந்திருந்தது. ஆனால் வந்தபோது இருந்த பூ உதிர்ந்ததோடு சரி, புதிதாக ஒரு பூந்தண்டு இல்லை. ஒரு பழைய தண்டின் மேல்கணுவில், பூ வரவேண்டிய இடத்தில், இரண்டு இலையும் வெள்ளை வேருமாகக் குட்டிச் செடி முளைத்திருந்தது. அவருக்கு அதில் ஒரே சந்தோஷம். எனக்கு அது வெளிச்சம் பத்தவில்லை, ஈரம் அதிகம் என்று செடி சொல்வதாகப் பட்டது. ஆர்க்கிட் இலை கொஞ்சம் வெளுத்த, மஞ்சள் சாயல் உள்ள பச்சையாக இருப்பதுதான் நல்ல அறிகுறி. கரும்பச்சை நம் கண்ணுக்கு அழகாக இருக்கும், பூவுக்கு ஆகாது.

வாண்டாவின் வேர் மொத்தமும் சாம்பல் வெள்ளையாக வறண்டு கிடந்தது. இலைகள் நடுநரம்பு வாக்கில் மடிந்து குறுகியிருந்தன. அடியிலிருந்து நான்கு இலை ஏற்கெனவே உதிர்ந்துவிட்டதாகச் சொன்னார். வேர்நுனிகள் பச்சையாக இல்லாமல் பழுப்பாகக் கருகி மூடிக்கொண்டிருந்தன.

ஆக, ஒரே அளவு தண்ணீரில் ஒன்று மூழ்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று காய்ந்துகொண்டிருந்தது. கொடுமை என்னவென்றால் இரண்டின் இலையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சுருங்கியிருந்தது.

## செடியை வெளியே எடுத்தபோது

ஃபெலனாப்சிஸை பீங்கான் தொட்டியிலிருந்து தூக்கியவுடன் அடியில் இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது தெரிந்தது. மேல்பாசியைத் தொட்டால் லேசான ஈரம்தான், அதனால்தான் அவர் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறார். உள்ளே விரலை விட்டால் சொதசொதவென்று இருந்தது, பழந்துணி ஊறிய வாடை. பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. பத்துப் பன்னிரண்டு வேர்களில் பெரும்பாலானவை பழுப்பாகி, அழுத்தினால் நீர் கசியும் நிலையில் இருந்தன. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். மேலுறை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது, நடுவில் ஒரு மெல்லிய நார் மட்டும் மிச்சம் நின்றது. கெட்டியாக, வெளிர்பச்சையாக இருந்தவை மூன்றே வேர். அவையும் தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்தவை.

அந்த அம்மா அந்த நாரைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இலையைப் பார்த்து நான் எவ்வளவு விளக்கியிருந்தாலும் நடக்காதது அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது.

உருவிக்கொண்டு வந்த அந்த மேலுறைக்கு வெலமன் என்று பெயர். உயிரற்ற செல்களால் ஆன பஞ்சு அடுக்கு. மரக்கிளையில் ஒட்டி வாழும் ஆர்க்கிட்டுக்கு மழை பெய்யும் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் கிடைக்கும். அந்த நேரத்தில் சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொள்ள இந்த அடுக்கு. காய்ந்திருக்கும்போது அதில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளியாகத் தெரியும். நனைந்தவுடன் ஒளி ஊடுருவி, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். ஆகவே வேரின் நிறம்தான் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு நேரடிப் பதில். நாள்கணக்கில் நனைந்தே கிடந்தால் அந்தப் பஞ்சில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் மூச்சடைத்துச் சாகிறது. வேர் செத்தபின் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் மேலே போக வழி இல்லை. சுற்றிலும் தண்ணீர், இலைக்குத் தாகம்.

டென்ட்ரோபியம் மட்டும் ஏன் தப்பியது என்று மகன் கேட்டார், நல்ல கேள்வி. இரண்டு காரணம். ஒன்று, மண்தொட்டியும் ஓட்டுத்துண்டும் ஊற்றிய தண்ணீரைத் தங்க விடவில்லை. இரண்டு, டென்ட்ரோபியத்தின் தடித்த தண்டே ஒரு சேமிப்புக் கிடங்கு, கொஞ்ச நாள் முன்னே பின்னே ஆனாலும் சமாளிக்கும். ஃபெலனாப்சிஸும் வாண்டாவும் ஒற்றைக் குருத்தில் மேல்நோக்கி மட்டுமே வளர்பவை, அந்த மாதிரித் தண்டு அவற்றுக்குக் கிடையாது. இலையையும் வேரையும் விட்டால் வேறு கையிருப்பு இல்லை.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

அவசரம் ஃபெலனாப்சிஸுக்குத்தான். கத்தியை அடுப்பில் காட்டிச் சிவக்கச் சூடாக்கி, ஆறவிட்டு, அழுகிய வேரை எல்லாம் நல்ல பகுதி வரை வெட்டினோம். ஒவ்வொரு செடிக்கு முன்பும் கத்தியைச் சுட்டது சும்மா சடங்குக்கு இல்லை. சிம்பிடியம் மொசைக், ஓடோன்டோகுளோசம் ரிங்ஸ்பாட் என்ற இரண்டு வைரஸும் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்குத் தீராத தலைவலி; செடிச்சாறு ஒட்டிய கருவி வழியாகப் பரவும், வந்தால் மருந்து கிடையாது. இந்தச் செடிகளுக்கு அது இருந்ததாகச் சொல்லவில்லை, ஆனால் கண்ணால் பார்த்து இல்லை என்று உறுதி சொல்லவும் முடியாது.

வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைப் பொடி தூவலாம் என்று மருமகள் சொன்னார், எங்கோ படித்திருக்கிறார். இலையில் ஏற்பட்ட காயத்துக்குத் தூவலாம், பூஞ்சையைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிக் காய வைக்கும் பொருள், மிச்சம் இருக்கும் மூன்று வேரில் பட்டால் அதுவும் காய்ந்துவிடும். வேண்டாம் என்று முடிவு. நிழலில் ஒரு நாள் அப்படியே வைத்து வெட்டுவாயை உலரவிட்டோம், அவ்வளவுதான்.

அடுத்தது பூந்தண்டு. அதில் இன்னும் மூன்று பூ நின்றது. "பூவையும் வெட்டிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு தம்பி?" என்றார், குரலில் வருத்தம் தெரிந்தது. மூன்று வேரை வைத்துக்கொண்டு செடி பூவையும் சுமந்து, இலையையும் காப்பாற்றி, புது வேரும் விட முடியாது. ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். கடைசியில் அவரே வெட்டினார். வெட்டிய தண்டு ஜாடித் தண்ணீரில் மேலும் இரண்டு வாரம் நின்றது என்பதால் மனக்கசப்பு நீடிக்கவில்லை.

நட்டது, மிச்ச வேருக்குப் பொருந்துகிற அளவில் சின்ன, ஒளிபுகும் பிளாஸ்டிக் தொட்டியில். கட்டைவிரல் நகம் அளவு மரப்பட்டைத் துண்டு, கொஞ்சம் கரி. புது வேர் புறப்படும் இடத்தில், செடியின் கழுத்தை ஒட்டி, ஒரு சிட்டிகை ஈரப்பாசி மட்டும். பெரிய தொட்டி என்றால் நடுவில் ஈரம் தங்கும், பழைய கதை திரும்பும். பாசி கெட்ட பொருள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. காய விட்டு, பொறுத்து ஊற்றுகிற கைக்குப் பாசி அருமையான ஊடகம், அதாவது செடியை நடும் பொருள். தினமும் ஊற்றாமல் மனம் கேட்காதவருக்கு மரப்பட்டைதான் பாதுகாப்பு. செடிக்கு ஏற்ற ஊடகம் என்று பேசுகிறோம், வளர்ப்பவரின் கைக்கு ஏற்ற ஊடகம் என்பது அதைவிட முக்கியம் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஓர் எண்ணம்.

பிளாஸ்டிக் பையால் மூடி ஈரப்பதத்தைக் கூட்டலாமா என்ற யோசனையும் வந்தது. வேரிழந்த செடிக்குப் பலர் செய்வதுதான். ஆனால் இந்தப் பால்கனியின் சூட்டில், அழுகல் கண்ட செடியைப் பைக்குள் அடைப்பது ஆபத்து என்று விட்டுவிட்டோம். குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே வைத்தோம், இலைக் கூட்டத்துக்குள் காற்றின் வறட்சி கொஞ்சம் குறையும். உரம் புது வேர் தெரியும்வரை கிடையாது. தண்ணீர், தொட்டிச் சுவர் வழியே பார்த்து வேர் வெளுத்த பிறகு மட்டும், அதுவும் காலையில். குருத்துக்குள் தண்ணீர் நின்றால் துணி முனையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், ஒற்றைக் குருத்துச் செடியில் அந்த இடம் அழுகினால் மேலே வளர வேறு வழி இல்லை.

வாண்டாவுக்கு நேர் எதிர். காலையில் வேர் முழுவதையும் வாளித் தண்ணீரில் கால் மணி நேரம், பச்சை பிடிக்கும்வரை, முக்கி எடுப்பது. வாளி வாண்டாவுக்கு மட்டும், மற்ற செடி எதையும் அதில் முக்கக்கூடாது. மகனிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தது; குழாய்த் தண்ணீர் 700ஐத் தாண்டிக் காட்டியது. 200க்குக் கீழே இருந்தால் ஆர்க்கிட் வேருக்கு நிம்மதி. கருகிய வேர்நுனிக்கு வறட்சியோடு உப்பும் காரணமாக இருக்கலாம் என்பதால் ஆர்ஓ தண்ணீருக்கு மாற்றினார்கள், மழை நாட்களில் மழைநீர். ஆர்ஓ தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை, ஆகவே அவை இரண்டும் சேர்ந்த உரம் வேண்டும். சிட்டையில் போட்ட அளவில் கால்பங்கு, வாரம் ஒருமுறை, மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலசல்.

இடமும் மாறியது. ஃபெலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், அது உள்சுவர் ஓரமே இருக்கட்டும். டென்ட்ரோபியத்துக்கு அதைப்போல இரு மடங்காவது வேண்டும், வாண்டாவுக்கு இன்னும் கூட. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும் என்பதை வைத்துப் பார்த்தால் இதெல்லாம் வடிகட்டிய வெளிச்சம்தான். இரண்டையும் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நகர்த்துவது, ஆனால் இரண்டு வாரத்தில், அடி அடியாக.

டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்து மொட்டையாக நின்ற பழைய தண்டுகளை அவர் வெட்டக் கத்தி எடுத்தபோது தடுத்தேன். மஞ்சளாகிச் சுருங்கினால் ஒழிய அவை செத்தவை இல்லை. இந்த வகை அதே மொட்டைத் தண்டில் மறுபடி பூக்கும், பூக்காவிட்டாலும் புதுத்தண்டுக்குச் சாப்பாடு அங்கிருந்துதான். குட்டிச் செடியை வேர் இரண்டு அங்குலம் வந்தபின் தனியே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

## இடையில் வந்த இடைஞ்சல்கள்

அடி அடியாக என்று சொன்னது மகனுக்கு நீளமாகப் பட்டிருக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் டென்ட்ரோபியத்தை நேராகக் கைப்பிடிச் சுவர் மேலேயே ஏற்றிவிட்டார். மதியத்துக்குள் இரண்டு இலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளைத் திட்டு, இரண்டு நாளில் அது பழுப்பாகி ஓரம் கறுத்தது. நோய் என்று பயந்து பூஞ்சை மருந்து வாங்கப் புறப்பட்டவரை நிறுத்தினோம். நோய்த் திட்டு பரவும், ஈரமாக இருக்கும், சில சமயம் நாறும். வெயில் சுட்ட திட்டு காய்ந்து அதே அளவில் நின்றுவிடும், வெயில் நேராக விழுந்த பக்கம் மட்டுமே இருக்கும். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள், கைக்குச் சூடாகத் தெரிந்தால் வெளிச்சம் கூடிவிட்டது, குளிர்ந்திருந்தால் பயமில்லை. செடியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி மெதுவாக ஆரம்பித்தார்கள்.

அப்புறம் மாவுப்பூச்சி. டென்ட்ரோபியத் தண்டைச் சுற்றியிருக்கும் காய்ந்த காகிதம் போன்ற உறைக்குள் வெள்ளைப் பஞ்சாக ஒளிந்திருந்தது. உறையை உரித்து, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார் அந்த அம்மா. வாரம் ஒரு தடவை, முட்டையிலிருந்து வருவதையும் பிடிக்க வேண்டும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல். இந்த வேலையில் அவருக்கு நிகர் யாரும் இல்லை, ரோஜா வளர்த்த கை.

எதிர்பாராத விஷயம் ஒன்று. நடுவில் அவர் மகள் வீட்டுக்குப் போய்ச் சில வாரம் தங்கினார். செடிகள் மருமகள் பொறுப்பில். செடி என்றாலே அவருக்கு ஆர்வம் குறைவு, எனக்குக் கொஞ்சம் கவலைதான். தொட்டியில் ஒட்டிய சீட்டில் "வேர் வெளுத்தால் மட்டும்" என்று எழுதியிருந்ததை அவர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்: வெளுக்கவில்லையா, ஊற்றவில்லை, அவ்வளவுதான். ஃபெலனாப்சிஸ் முதல் புது வேரை விட்டது அந்த வாரங்களில்தான். செடியைப் பார்த்தவுடன் குவளையைத் தேடுகிற பழக்கம் மருமகளுக்கு இல்லாததே அதற்கு வசதியாக அமைந்தது. திரும்பி வந்த அம்மா இதைக் கேட்டுச் சிரித்தாலும், மறுவாரமே இரண்டு நாள் தொடர்ந்து ஊற்றியிருந்ததை வேரின் கரும்பச்சை காட்டிக்கொடுத்தது. பழக்கம் சீட்டு ஒட்டினால் போவதில்லை. கடைசியில் அவர்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: ரோஜா, செம்பருத்தி, வாண்டா மாமியாருக்கு, ஃபெலனாப்சிஸும் டென்ட்ரோபியமும் மருமகளுக்கு. தினமும் ஊற்ற ஆசைப்படுகிறவருக்குத் தினமும் தண்ணீர் கேட்கிற செடிகள். இந்த முழு விவகாரத்திலும் எனக்குப் பிடித்த முடிவு இதுதான், இதை யோசித்தது நான் இல்லை.

## விளைவு

ஃபெலனாப்சிஸ் பிழைத்தது. மறுநடவுக்குப் பின் இன்னும் ஓர் அடி இலை மஞ்சளாகி விழுந்தது. புது வேர் தெரிய இரண்டு மாதம் போல ஆயிற்று. அதன் நுனி பளிச்சென்ற பச்சை, வெளியே வந்தவுடன் தொட்டிச் சுவரைத் தேடி வளைந்து போனது. பிறகு வந்த முதல் இலை பழைய இலையில் பாதிதான் இருந்தது, அதற்கடுத்தது சற்றுப் பெரியது. பழைய இலைகளில் விழுந்த சுருக்கம் முழுதாகப் போகவில்லை, போகாது. விரைப்பு மட்டும் திரும்பியது. ஆண்டு முடியும்வரை பூந்தண்டு வரவில்லை. இதில் அழுகலின் பாதிப்பு ஒரு பக்கம், இரவின் சூடு இன்னொரு பக்கம்: ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடத் தொடர்ந்து சில வாரம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழோ குளிர்ச்சி வேண்டும், 28க்கு மேலேயே இருந்தால் இலையாகப் போட்டுக்கொண்டு இருக்கும்.

டென்ட்ரோபியம்தான் நன்றாகத் தேறியது. வெளிச்சத்துக்கு மாற்றிய நாலைந்து மாதத்தில் இலையின் கரும்பச்சை வெளுத்து, இரண்டு பூந்தண்டு வந்தது. ஒன்று புதுத்தண்டில், மற்றது அவர் வெட்டப்போன அந்த மொட்டைத் தண்டில். குட்டிச் செடி தனித் தொட்டியில் இருக்கிறது, அதில் பூ வரக் காலம் பிடிக்கும்.

வாண்டாவின் வேர்நுனிகள் பாதிக்கு மேல் திறந்துகொண்டன, சில இடத்தில் கருகிய நுனிக்குப் பின்னாலிருந்து கிளை வேர் புறப்பட்டது. இலைகள் விரிந்தன, மேலே இரண்டு புது இலை. உதிர்ந்த இடத்தில் மறுபடி இலை வராது என்பதால் அடித்தண்டு மொட்டையாகவே நிற்கிறது. பூ இன்னும் இல்லை.

வாண்டா விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முக்கி எடுப்பது, ஆர்ஓ தண்ணீர், உரம், கூடுதல் வெளிச்சம் என்று நான்கும் ஒரே மாதத்துக்குள் மாறின. எது தேற்றியது என்று இந்த ஒரு செடியை வைத்து யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் முழு வேருக்கும் கிடைத்ததுதான் பெரிய காரணம் என்பது என் ஊகம். உப்பைக் குறைத்தது எவ்வளவு உதவியது என்பதற்கு இங்கே ஆதாரம் இல்லை. குழாய்த் தண்ணீரிலேயே வாண்டாவைப் பூக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

## அடுத்த முறை மாற்றப்போவது

வாங்கி வந்த முதல் வாரத்திலேயே வெளித்தொட்டியைக் கழற்றிவிடுவது. பூத்திருக்கும் செடியை மறுநடவு செய்யத் தயங்குவார்கள், நியாயம்தான், ஆனால் உள்தொட்டியோடு தூக்கி வேரைப் பார்ப்பதற்கும் மறுநடவுக்கும் சம்பந்தமில்லை. அலங்காரத்துக்குப் பீங்கான் தொட்டி வேண்டுமானால் அடியில் கூழாங்கல் போட்டு உள்தொட்டியை உயர்த்தி, ஊற்றிய கால் மணி நேரத்தில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

இலை சுருங்கினால் குவளைக்கு முன் வேர். இது அந்த வீட்டில் இப்போது எழுதாத சட்டம். வேர் வெளுத்துக் கெட்டியாக இருந்தால் தாகம், தண்ணீர் கொடு. பழுப்பாக நசுங்கினால் அழுகல், தண்ணீரை நிறுத்தி வெட்டு.

உயிருக்கு ஆபத்தில்லாத செடியில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, இரண்டு மூன்று வாரம் பார்ப்பது, அப்புறம் அடுத்தது. அழுகிய ஃபெலனாப்சிஸுக்கு இந்தப் பொறுமை ஆகாது, வாண்டாவுக்கு ஆகியிருக்கும். மரப்பட்டை இரண்டு வருடத்தில் மக்கித் தூளாகி மறுபடி ஈரத்தைப் பிடித்துவைக்க ஆரம்பிக்கும் என்பதால், நட்ட மாதத்தைத் தொட்டியின் அடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஃபெலனாப்சிஸை இரவில் ஏசி அறையில் வைத்துப் பூக்க வைக்கலாமா என்று மகன் கேட்டிருக்கிறார். முடியும், ஆனால் ஏசிக் காற்று வறட்சி. மூன்று இலையும் புது வேருமாக இருக்கும் செடிக்கு இப்போது அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து இலையாவது சேரட்டும், குளிர் மாதங்கள் வந்ததும் இரவு மட்டும் திறந்த ஜன்னல் ஓரம் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகத் திட்டம். அந்த அம்மாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை, நாலாவதாக ஒரு ஆன்சிடியம் வாங்கிவிட்டார். வந்த அன்றே உள்தொட்டியை வெளியே உருவி வேரைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.